விட்டுப் படித்த பக்கங்கள்

சிதம்பரத்தில் பல்கலைக்கழக நூலகத்தில் எனக்கு இருபத்தாறு வருட வேலை. அதில் கடைசி ஏழு வருடம் பார்வையற்றோர் பிரிவில். பெரிய வாசிப்புக் கூடத்தைத் தாண்டிப் போனால் முன்பு பைண்டிங் அறை இருந்த இடம் வரும். அதற்கு வெள்ளையடித்து, இரண்டு கணினி வைத்து, பிரெய்ல் புத்தகங்களுக்கு ஒரு அலமாரி போட்டு, கதவில் பலகை மாட்டினார்கள். அங்கே யாரைப் போடுவது என்று பேச்சு வந்தபோது, என் குரல் நன்றாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்களாம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்கு பைபிள் வாசகம் படிப்பவள் நான் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த அறைக்கு அவர் முதன்முதலில் வந்தது ஒரு சனிக்கிழமை. கூடவே மனைவி. குடிகாட்டிலிருந்து வருகிறோம் என்றார்கள். அவர் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர், என்னைவிடப் பன்னிரண்டு பதின்மூன்று வயது சின்னவர். எட்டு வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போய்விட்டது. பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்தார். கெடிலத்துக்கும் பரவனாற்றுக்கும் வெள்ளாற்றுக்கும் பாலங்கள் வருவதற்கு முன்னால் இருந்த ஓடத்துறைகள்தான் தலைப்பு. அவருடைய அப்பா வழியில் தாத்தா காலம் வரை ஓடம் தள்ளியவர்களாம். அதை அன்றைக்கு அவர் சொல்லவில்லை. மனைவி என்னிடம் தனியாகச் சொன்னார்.

அப்புறம் அவர் தனியாகவே வர ஆரம்பித்தார். சனிக்கிழமைகளில் நான் கடலூரிலிருந்து வரும் அதே பஸ்ஸில் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் குடிகாட்டில் ஏறுவார். நடத்துனர் முன் சீட்டைக் காலி செய்து கொடுப்பார். நான் பெண்கள் பக்கம். பஸ்ஸில் பேசிக்கொள்ள மாட்டோம். சிதம்பரத்தில் இறங்கியதும், "சார், இந்தப் பக்கம்" என்பேன். குரல் வந்த திசைக்குக் கையை நீட்டுவார். ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தால் பத்திலிருந்து ஒன்றரை மணி வரை படிப்பு.

படிப்பு என்றால் நான் படிப்பேன், அவர் குறிப்பெடுப்பார். பிரெய்ல் ஸ்லேட்டில் தடித்த தாளைச் செருகி, சின்ன ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போவார். அந்தச் சத்தத்தை வைத்தே எந்த வரி அவருக்கு முக்கியம் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஊசி நின்றால் சும்மா கேட்கிறார். வேகமாக விழுந்தால் நான் நிறுத்தி, அதே வரியை மெதுவாக இன்னொரு தடவை படிப்பேன். அவர் கேட்க வேண்டியதே இல்லை. நூறு வருடத்துக்கு மேல் பழசான ஆங்கில அறிக்கைகள், பொடிப்பொடியாக உதிரும் தாள், வாயில் நுழையாத வாக்கியங்கள். ஆனாலும் சனிக்கிழமையை நான் எதிர்பார்க்கத்தான் செய்தேன். வீட்டுக்காரர் போன பிறகு என் குரலை இவ்வளவு கவனமாகக் கேட்ட ஆள் வேறு யாரும் இல்லை.

முதல் வருடம் மேடம் என்றார். ஒருநாள் அவர் வீட்டிலிருந்து வந்த மீன்குழம்பைப் பங்குபோட்டுச் சாப்பிட்டோம். அதற்கப்புறம் அக்கா.

நாலாவது வருடமோ என்னவோ, அவருடைய போனில் அந்தச் செயலியை யாரோ சக ஆசிரியர் போட்டுக் கொடுத்தார். இப்போது எல்லோரும் ஏஐ என்று சொல்கிறார்களே, அதுதான். அதற்கு முன்பும் கணினியில் படித்துக்காட்டும் மென்பொருள் எங்களிடம் இருந்தது. ஆனால் பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து கொடுத்தால் அது எழுத்தெழுத்தாக உளறும். இந்தப் புதியது உளறவில்லை. மங்கிய பக்கத்தைக்கூடப் புரிந்துகொண்டது. சுருக்கிச் சொல் என்றால் சுருக்கியது. தமிழில் சொல் என்றால் தமிழில் சொன்னது. பெண் குரல். அவர் மனைவி அதற்கு "போன் பொண்ணு" என்று பெயர் வைத்துவிட்டார்.

"அக்கா, நீங்க அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போயிடுவீங்க. இது போவாது" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நானும் சிரித்தேன். உள்ளுக்குள் சுருக்கென்றது. சனிக்கிழமைகளில் இரண்டுக்கு ஒன்று அவர் வராமல் இருக்க ஆரம்பித்தார். நான் அறையில் உட்கார்ந்து அலமாரியைத் துடைத்துக்கொண்டிருப்பேன். ஒரு கருவி மேல் பொறாமைப்படுகிற வயதா எனக்கு என்று என்னையே கேட்டுக்கொள்வேன். ஆனால் பட்டேன்.

ஒரு ஐப்பசி மாதம், நல்ல மழை. நனைந்த குடையை வாசலில் வைக்கக்கூட மறந்து உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, ஒரு ஓடக்கார அம்மா கெடச்சிட்டாங்க."

உட்கார வைத்துத் துண்டு கொடுத்தேன். துடைத்துக்கொண்டே சொன்னார். நாங்கள் இருவரும் முன்பு படித்த, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் எழுதிய பழைய மாவட்ட அறிக்கையின் ஸ்கேன் கோப்பைப் போனில் ஏற்றி, ஓடத்துறைகளில் பெண்கள் யாராவது இருந்தார்களா என்று கேட்டிருக்கிறார். இருந்தார் என்று அது சொல்லியிருக்கிறது. வெள்ளாற்றில் ஒரு துறையில் புருஷன் செத்த பிறகு அந்த அம்மாவே ஓடத்தை எடுத்து நடத்தினார், வெள்ளக் காலத்திலும் நிறுத்தவில்லை, அந்த அதிகாரியே பாராட்டி எழுதியிருக்கிறார். பெயரும் சொன்னது. பக்க எண்ணும் சொன்னது.

"நாம படிச்சப்போ எப்படி விட்டோம்னு தெரியல. அடிக்குறிப்புல போடணும். சரியான வார்த்தை வேணும். அந்தப் பக்கத்தை மட்டும் படிங்க."

ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாராம். ஒரு பெண் எழுந்து நின்று கைதட்டினாளாம்.

நான் அரிய நூல் பிரிவுக்குப் போய் அசல் புத்தகத்தையே வாங்கி வந்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மாடுகளுக்கு வந்த நோயைப் பற்றி இருந்தது. முன்னால் நாலு பக்கம், பின்னால் நாலு பக்கம் பார்த்தேன். ஓடத்துறை பற்றிய அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பார்த்தேன். அவர் ஊசியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்.

"சார், இதுல இல்ல."

"பக்கம் மாறியிருக்கும் அக்கா. ஸ்கேன்ல ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன வரும்."

சாப்பாட்டுக்கு அப்புறம் மறுபடியும் பார்த்தேன். விதவை, மனைவி, பெண் என்று எந்தச் சொல் கண்ணில் பட்டாலும் விரலை வைத்துப் படித்தேன். இல்லை.

அவர் போனை எடுத்து என் முன்னாலேயே அதைக் கேட்டார். அந்த அம்மாவைப் பற்றிய வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று. அது மன்னிப்புக் கேட்டது. முன்பு சொன்ன பக்க எண் தவறு என்று ஒத்துக்கொண்டு, வேறொரு எண் சொன்னது. புரட்டினேன். அதில் மழை அளவு இருந்தது. மறுபடி கேட்டார். மறுபடியும் மன்னிப்பு. அப்படி ஒருவரைப் பற்றி இந்த ஆவணத்தில் தகவல் இல்லை என்று மூன்றாவது தடவைதான் அது சொன்னது.

அவர் போனை அணைத்து மேஜை மேல் கவிழ்த்து வைத்தார்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. பார்த்தீர்களா, என்னதான் இருந்தாலும் மனிதர் படிப்பது போல வருமா என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. அதற்குள் அவர் பேசினார்.

"கண்ணு இருக்கறவங்க சந்தேகம் வந்தா பொரட்டிப் பாத்துக்கலாம். நான் எதைப் பொரட்டறது? எனக்கு யாராவது சொன்னாத்தான் அது புஸ்தகத்துல இருக்குது. சொல்லலைன்னா இல்ல. நாலஞ்சு வருஷமா நீங்க சொன்னது அத்தனையும் இருந்துதுக்கா. அந்தப் பழக்கத்துல இதையும் நம்பிட்டேன்."

என் கை அந்தப் புத்தகத்தின் மேல் இருந்தது. அதன் கடைசிப் பகுதியில் பதினோரு பக்கத்துக்குப் பிற்சேர்க்கை ஒன்று இருப்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்கு மூன்று வருடம் முன்னால் அந்தப் புத்தகத்தை அவருக்குப் படித்து முடித்த நாள் நினைவிருக்கிறது. எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. கடைசி அத்தியாயம் முடிந்தபோது மணி ஒன்று. தாளைத் திருப்பினால் அட்டவணை. துறையின் பெயர், ஊர், ஓடங்களின் எண்ணிக்கை, குறிப்பு என்று கட்டம் கட்டமாகப் பதினோரு பக்கம். அதைக் குரலில் படிப்பது மகா சிரமம். ஒவ்வொரு கட்டத்துக்கும் தலைப்பைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் புத்தகத்தை மூடினேன். "அவ்ளோதான் சார், முடிஞ்சுது" என்றேன். அவர் கைகூப்பி நன்றி சொன்னார்.

அது ஒன்று. இன்னொன்றும் உண்டு. ஓடம் தள்ளுகிறவர்களைப் பற்றி அந்த அதிகாரி கேவலமாக எழுதிய இரண்டு மூன்று வரிகள் ஓடத்துறை அத்தியாயத்தில் இருந்தன. குடிப்பவர்கள், நம்பக்கூடாதவர்கள் என்கிற மாதிரி. படித்துக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் மூச்சு வாங்குவது போல நிறுத்தி, அடுத்த பத்திக்குத் தாவிவிட்டேன். அவருடைய தாத்தா ஓடம் தள்ளியவர் என்பது மனதில் இருந்தது. அந்த வார்த்தைகளை என் வாயால் அவர் காதில் போட மனம் வரவில்லை. அன்றைக்கு அதை அன்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை பஸ்ஸில் அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தார். பின்னாலிருந்து அவருடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தப் போன் இல்லாததைச் சொன்னது. நான் இருந்ததைச் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் அவர்.

மறுநாள் ஞாயிறு. பூசையில் இரண்டாம் வாசகம் என்னுடையது. கோயிலில் வாசகம் படிக்கும்போது நான் இதுவரை ஒரு வரியை விட்டதில்லை. கடினமான பெயர்கள் வந்தால் சனிக்கிழமையே நாலு தடவை படித்துப் பழகிவிடுவேன். சாமிக்கும் சனங்களுக்கும் காட்டுகிற அந்த மரியாதையை ஒரு மனிதருக்குக் காட்டவில்லையே என்று மேடையில் நிற்கும்போது தோன்றியது. நடுவில் குரல் நின்றுவிட்டது. கீழே இருந்தவர்கள் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார்கள். சமாளித்துப் படித்து முடித்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். அது சுலபமான வழி. சாமியாருக்கு ஓடத்துறையைப் பற்றி என்ன தெரியும்? சொல்ல வேண்டிய ஆள் குடிகாட்டில் இருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை அவர் ஸ்லேட்டை எடுத்து வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

"சார், ஒரு விஷயம் சொல்லணும். அந்த அறிக்கைல கடைசில ஒரு அட்டவணை இருக்கு. பதினோரு பக்கம். அதை நான் உங்களுக்குப் படிக்கல. முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன்."

அவர் பெட்டியிலிருந்து ஊசியை எடுத்தார்.

"ஓடக்காரங்களைப் பத்தி அசிங்கமா எழுதியிருந்த சில வரிங்களையும் தாண்டிட்டேன். நீங்க வருத்தப்படுவீங்கன்னு."

"இந்த ஒரு புஸ்தகத்துலதானா?"

"வேறயும் இருக்கு. அடிக்குறிப்புங்களை நெறய விட்டிருக்கேன். டேபிளுங்களையும்."

"எத்தனை புஸ்தகத்துல?"

"தெரியல சார்."

அந்தத் தெரியலையைச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. குறித்து வைத்துக்கொண்டா விட்டேன்? அவர் ஊசியைப் பெட்டியில் போட்டு மூடினார். பிரம்பை விரித்தார்.

"நான் இன்னிக்கு முன்னாடியே கெளம்பறேங்க" என்றார். அக்கா என்று சொல்லவில்லை. ஆட்டோ வரைக்கும் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வாசிப்புக் கூடத்தின் நீளம் முழுக்க அவருடைய பிரம்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை குடிகாட்டில் பஸ் நின்றது. அவர் ஏறவில்லை. அதற்கடுத்த வாரமும் ஏறவில்லை. மூன்றாவது வாரம் நடத்துனர் என்னிடம் கேட்டார், "வாத்தியாரு ஊருல இல்லீங்களா?" தெரியவில்லை என்றேன்.

அதே நாட்களில்தான் எங்கள் நூலகர் என்னைக் கூப்பிட்டார். புதிதாக வந்தவர், நல்ல மனிதர். மாணவர்கள் எல்லோரும் ஏஐயை வைத்துக் கட்டுரை எழுதுகிறார்கள், இல்லாத புத்தகத்தைக் கேட்டு கவுண்ட்டரில் வந்து நிற்கிறார்கள், நூலகத்தில் அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஒரு பக்கத்துக்கு விதிமுறை வேண்டும், உங்கள் பிரிவில்தான் அதன் புழக்கம் ஜாஸ்தி, நீங்களே ஒரு வரைவு எழுதுங்கள் என்றார். நான் ஒரே மூச்சில் எழுதினேன். பயன்படுத்தக் கூடாது, ஏற்றக் கூடாது, நம்பக் கூடாது. கோபத்தில் எழுதியது. யார் மேல் கோபம் என்று இப்போது கேட்டால் என் மேல் என்றுதான் சொல்வேன்.

அந்த வாரமே அவருடைய மனைவி போன் செய்தார்.

"அக்கா, அவுரு உங்க மேல கோவமா இல்ல. மொதல்ல ரெண்டு நாளு சாப்புடல, அது நெசந்தான். அப்புறம் குறிப்புத் தாளுங்களையெல்லாம் எறக்கி வச்சுக்கினு, எதெது நீங்க படிச்சது, எதெது போன் பொண்ணுகிட்ட கேட்டதுன்னு பிரிச்சுக்கினு இருக்காரு. வூடு பூரா பேப்பரு. பசங்க கால வக்க எடம் இல்ல."

"வருவாரா?"

"இந்த வாரம் வராரு. நண்டு வறுத்துக் குடுக்கச் சொன்னாரு, உங்களுக்கு."

போனை வைத்துவிட்டு நூலகத்தின் பின்பக்க வராந்தாவில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

அவர் வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். வந்ததும் வராததுமாக ஒரு தாளை மேஜை மேல் விரித்து விரலால் தடவிப் படித்தார். நான் அவருக்குப் படித்த புத்தகங்கள் இருபத்து மூன்று. முதலில் எதை மறுபடி படிப்பது என்று வரிசை போட்டிருந்தார்.

"அந்த அசிங்கமான வரிங்களைப் படிங்க."

படித்தேன். மூன்று வரி. இந்தத் தடவை நிறுத்தவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. ஊசி வேகமாக விழுந்தது. வழக்கம்போல இன்னொரு தடவை மெதுவாகப் படித்தேன்.

"இதைத்தான்கா நான் எழுதணும்" என்றார். "எங்க தாத்தாவைப் பத்தி ஒருத்தன் இப்படி எழுதி வச்சுட்டுப் போயிருக்கான்னா அது எனக்குத் தெரியணுமா வேணாமா? நீங்க மறச்சா, அவனுக்குப் பதிலு யாரு சொல்றது?"

மன்னிச்சிடுங்க சார் என்றேன். அவர் கையை நீட்டி என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துத் தட்டினார். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

விதிமுறை வரைவைப் படித்துக்காட்டினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "இப்படிப் போட்டா நான் செத்தேன்" என்றார்.

"அது பொய் சொன்னதே சார்."

"சொல்லுச்சு. ஆனா பஸ் போர்டை அதுதான் எனக்குப் படிக்குது. ஸ்கூல்ல வர்ற சர்க்குலரை அதுதான் படிக்குது. பையன் பரீட்சைப் பேப்பரை மொத மொதல்ல நானே பார்த்தது அதாலதான். கூடாதுன்னு எழுதறது சுலபம். உங்களுக்கு வேற வழி இருக்குது."

பிறகு வேறொன்று சொன்னார். களப்பணியில் வயதான ஓடக்காரர்கள் சிலரைப் பேசவைத்துப் பதிவு செய்திருந்தார். அதில் ஒருவர் தன் வீட்டுச் சண்டை ஒன்றைச் சொல்லிவிட்டு, இது உன்னோட இருக்கட்டும் தம்பி என்றிருக்கிறார். அந்தப் பதிவுகளை எழுத்தாக்கித் தர அந்தச் செயலிக்கு ஒரு நொடி போதும். ஆனால் போனில் ஏற்றினால் அது எங்கே போய்ச் சேர்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதனால் ஏற்றவே இல்லை. அவரே கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"இந்த மாதிரி விஷயத்தைப் போடுங்க விதில" என்றார்.

அன்று மதியம் உட்கார்ந்து இருவரும் அதைத் திருத்தினோம். ஒரு பக்கம் வரவில்லை, அரைப் பக்கம்தான் வந்தது. கருவி சொன்னதை அசலில் பார்க்காமல் எழுதாதே. பார்க்க முடியாதவருக்குப் பார்த்துச் சொல்ல நூலகத்தில் ஒருவர் இருக்க வேண்டும், அது அவருடைய வேலை. நம்பிச் சொன்னவரின் பேச்சை அவர் சம்மதம் இல்லாமல் கருவியில் ஏற்றாதே. எதைக் கருவி படித்தது, எதை மனிதர் படித்தது, எதை யாரும் படிக்கவில்லை என்பதை எழுதி வை. கடைசியை அவர் சொல்லச் சொல்ல எழுதி, ஒரு தடவை உரக்கப் படித்துக்காட்டினேன். நூலகர் இன்னும் கொஞ்சம் கனமான வார்த்தைகளாகப் போடலாமே என்றார். அப்புறம் அவரே இதே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார்.

இருபத்து மூன்று புத்தகங்களை மறுபடி படிக்க எட்டு மாதம் ஆயிற்று. எனக்கே ஆச்சரியமாக இருந்த விஷயம், நான் விட்ட இடங்களைக் கண்டுபிடிக்க உதவியது அந்தப் போன்தான். ஒவ்வொரு புத்தகத்திலும் என்னென்ன தலைப்பு, எங்கெங்கே அட்டவணை, எங்கே அடிக்குறிப்பு என்று அது வரிசையாகச் சொல்லும். நான் அசலை வைத்துக்கொண்டு, இருக்கு, இருக்கு, இது இல்ல என்று சொல்லிக்கொண்டே போவேன். அவர் தன் குறிப்போடு ஒப்பிடுவார். "இது நீங்க படிக்கலக்கா" என்பார், கணக்கு வாத்தியார் தப்பைக் காட்டுவது போல, சாதாரணமாக. நான் படிப்பேன். சில நாள் அது பிடித்த தவறு என்னுடையது, சில நாள் நான் பிடித்த தவறு அதனுடையது. பொறாமை எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் அது ஒரு ஊரின் பெயரைக் கோணல்மாணலாக உச்சரித்தபோது மூன்று பேரும் சிரித்தோம் என்று சொல்ல வந்தேன். இரண்டு பேர்தான்.

அந்தப் பதினோரு பக்க அட்டவணையை மூன்று சனிக்கிழமை படித்தோம். ஓடக்கார அம்மா அதிலும் இல்லை. அவர் கொஞ்சம் நம்பிக்கை வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். நானும்தான். ஆனால் குறிப்பு என்ற கட்டத்தில் யாரோ ஒரு எழுத்தர் ஒவ்வொரு துறைக்கும் ஒரு வரி எழுதியிருந்தார். ஒரு துறையில் கரை வழுக்கும். ஒரு துறையில் சந்தை நாளில் கூட்டம். பரவனாற்றில் ஒரு துறைக்கு நேராக, காத்திருப்பவர்களுக்கு நிழல் இல்லை என்று இருந்தது. அவர் அந்த வரியை மூன்று தடவை படிக்கச் சொன்னார்.

"நிக்கறவங்களை ஒருத்தரு பார்த்திருக்காரு" என்றார். அந்த ஒரு கட்டத்திலிருந்து அவருக்கு ஒரு அத்தியாயமே வந்தது. ஓடத்துக்குக் காத்திருந்தவர்களைப் பற்றி.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்குள் பத்தாம் வகுப்புக்குப் போயிருந்தார்கள். அவர் தலைமையாசிரியரிடம் கேட்டு அந்த வகுப்புக்குப் போய், போன வருடம் நான் சொன்ன ஓடக்கார அம்மா கிடையாது, நான் சரிபார்க்காமல் சொல்லிவிட்டேன் என்று சொன்னாராம். கைதட்டிய பெண்தான் கேட்டிருக்கிறாள், அப்போ அந்த ஓடத்தை யாரு சார் ஓட்டினது என்று.

"என்ன சொன்னீங்க?"

"தெரியலம்மா, எழுதி வைக்கலன்னு சொன்னேன். எழுதி வைக்காதவங்களும் ஓட்டியிருப்பாங்கன்னு அவளே சொன்னா. ஆமான்னேன்."

போன வருடம் ஆய்வேட்டைக் கொடுத்தார். முன்னுரையில் இரண்டு பத்தி, எந்த நூல் எப்படித் தன் காதுக்கு வந்தது என்று எழுதியிருந்தார். நான் முதலில் விட்டுவிட்டுப் பிறகு படித்தவற்றையும் மறைக்கவில்லை. என் பெயர் போடட்டுமா என்று கேட்டார். போடுங்கள் என்றேன். வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பக்கத்தைக் காட்டி, இதெல்லாம் எதற்கு, ஆராய்ச்சிக்கு இது தேவையா என்று கேட்டார். நான் பின்வரிசையில் அவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தேன்.

"சார், நான் எதையும் கண்ணால பார்க்கலை. பார்த்தவங்க எப்படிப் பார்த்தாங்கன்னு சொல்லாம விட்டா என் ஆராய்ச்சில பாதி இல்லாம போயிடும்" என்று அவர் நிதானமாகச் சொன்னார். தேர்வாளர் அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தார். வேறு கேள்விக்குப் போனார். அரை மணி நேரத்தில் முனைவர் என்று அறிவித்தார்கள். மனைவி என் தோளில் முகத்தை வைத்து அழுதார். அவர், "யாரு அழறது, அக்காவா?" என்று கேட்டார். இரண்டு பேரும் என்றேன்.

இனிமேல் சனிக்கிழமை வர மாட்டார் என்று நினைத்தேன். அடுத்த வாரமே பஸ்ஸில் ஏறினார். கையில் ஸ்லேட்டு இல்லை, ஒரு தூக்குச்சட்டி மட்டும் இருந்தது.

"இத்தனை வருஷத்துல ஒரு கதைப் புஸ்தகம்கூட நீங்க எனக்குப் படிக்கல" என்றார், அறையில் உட்கார்ந்ததும். "எது வேணாலும் படிங்க. குறிப்பு கிடையாது, ஒண்ணும் கிடையாது."

தமிழ் நாவல்கள் இருக்கும் அடுக்கில் கைக்கு வந்த ஒன்றை எடுத்து வந்தேன். நானும் படிக்காதது. முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். நாற்காலியில் சாய்ந்து, கைகளை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு கேட்டார். ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. ஊசிச் சத்தம் இல்லாமல் படிப்பது எனக்குப் புதிதாக இருந்தது. எங்கே நிறுத்துவது, எங்கே வேகமாகப் போவது என்று தெரியாமல் கதை போன போக்கிலேயே போனேன். நாலாவது பக்கத்தில் அவருடைய தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தூங்கிவிட்டார்.

நிறுத்தினால் முழித்துக்கொள்வாரோ என்று தோன்றியது. குரலைத் தாழ்த்தி, அந்த அத்தியாயம் முடியும் வரை படித்தேன்.